வண்டிக்குள் இருந்து பார்த்த படம்

என் வீட்டுக்காரர் இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "கடைசியா என்ன சொன்னாக?" எங்கள் பக்கம் அது வழக்கம். போனவர் வாயிலிருந்து வந்த கடைசி வார்த்தை தெரிந்தால்தான் வந்தவர்களுக்கு மனசு ஆறும். "சாப்பிட்டியான்னு கேட்டாக" என்று சொல்லிவைத்தேன். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஆண்கள் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே பந்தலில் போய் உட்கார்ந்தார்கள்.

அவர் சொன்னது அதுவல்ல. அன்றைக்குக் காலையில் பள்ளிக்கூட வாசலில் என்னைக் காரிலிருந்து இறக்கிவிட்டு, "கதவ மெதுவாச் சாத்து" என்றார். "மெதுவாத்தான் சாத்துறேன்" என்றேன். அவர் சவாரிக்குப் போய்விட்டார். நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்க் கணக்கு நடத்தினேன். இதைத் துக்க வீட்டில் எப்படிச் சொல்வது? கார்க் கதவைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார் என்றால் கேட்டவர்கள் என்ன செய்வார்கள், அழுவார்களா சிரிப்பார்களா?

காரைக்குடியில் வாடகைக் கார் ஓட்டினார் அவர். சொந்தக் கார், வெள்ளை. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களையும் வெளிநாட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுவது தொழில். சாக்கோட்டைப் பக்கம் நிலம் இருந்தது. அதைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். வயலில் கால் வைத்தால் தும்முவார். காரில் உட்கார்ந்தால் ராஜா.

அந்தக் கதவுகள்தான் அவருக்கு உயிர். யார் இறங்கினாலும் ஸ்டீயரிங்கை வலது கையில் பிடித்தபடி இடது பக்கம் சாய்ந்து, இடது கையைக் கவிழ்த்து, குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பது மாதிரி காற்றில் இரண்டு தட்டுத் தட்டுவார். கண் இறங்கியவர் முகத்தில் இருக்காது, கதவின் மேல் இருக்கும். பெரியவர்களுக்கு "மெதுவாச் சாத்துங்க." சின்னப் பெண்களுக்கு "மெதுவாச் சாத்துத்தா." வெள்ளைக்காரர்களுக்கு "டோர், ஸ்லோ ஸ்லோ." எனக்கு மட்டும் மரியாதையும் கிடையாது, கொஞ்சலும் கிடையாது. வெறும் "சாத்து"தான். நானும் விடமாட்டேன். கோபம் இருக்கிற நாளில் "மெதுவாத்தான் சாத்துறேன்" என்று வாய் சொல்லும், கை வேறு விதமாகச் சாத்தும். அப்படிப்பட்ட நாட்களில் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வாசலில், சவாரிக்கு வந்தவர்கள் உள்ளே போயிருந்த நேரத்தில், வேப்பமரத்து நிழலில் காரை நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு, சீட்டில் சாய்ந்தபடியே போய்விட்டார். திரும்பி வந்தவர்கள் அவர் தூங்குகிறார் என்று நினைத்து எழுப்ப மனசில்லாமல் கொஞ்ச நேரம் நின்றார்களாம். ஆவணி மாசம் அது.

கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம் அடுப்பில் பால் வைத்துவிட்டு நிற்கும்போது அவர் குரல் எனக்கு ஞாபகம் வரவில்லை. முகம் வந்தது, நடை வந்தது, சட்டையில் இருக்கும் டீசல் வாசம்கூட வந்தது. குரல் மட்டும் வரவில்லை. என்ன சொல்வார் என்று தெரிகிறது, அதை நானே என் குரலில் சொல்லிக்கொள்கிறேன். பால் பொங்கி அடுப்பு அணைந்துபோனது. நான் அப்படிப் பயந்தது அவர் இறந்த அன்றைக்குக்கூட இல்லை.

இந்தக் காலத்தில் குரலா கிடைக்காது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் போட்டோ என்றால் நிற்பார், வீடியோ என்றால் வாயை மூடிக்கொள்வார். போனில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியதே கிடையாது, கட்டை விரலைக் காட்டும் படம் ஒன்றைத்தான் எல்லாவற்றுக்கும் அனுப்புவார். சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் கேட்டேன். அவன் தேடித் தேடிப் போட்டோவாக அனுப்பினான். கடைசியில் அவனுடைய கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பந்தி விசாரித்துக்கொண்டு அவர் வரிசை வரிசையாக வருகிறார், வாய் ஓயாமல் அசைகிறது, மேலே ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறது. வீடியோக்காரரைத் திட்டிக்கொண்டே டி.வி.யை அணைத்தேன்.

அப்புறம்தான் அந்தப் பெண் வந்தாள், தை மாசக் கடைசியில். சினிமா எடுக்கிற பெண். முந்தின வருஷம் பங்குனியில் கீழச்சிவல்பட்டியில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்துப் படம் எடுத்தாள். காதல் படம். பெரிய நடிகர் கிடையாது, பெரிய கம்பெனி கிடையாது. நண்பர்கள் சேர்ந்து கைக்காசு போட்டு எடுத்த படம். அந்த ஒரு மாசமும் இவருடைய கார்தான் அவர்களுக்கு ஓடியது. டிரைவர் வேஷத்துக்குப் பேசியிருந்த ஆள் வராமல்போன ஒரு நாளில், இவரையே உட்காரவைத்து எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றும் முன்பே, "நானும் நடிச்சாச்சு" என்றார். கார் ஓட்டுகிற மாதிரி நடித்தீர்களாக்கும் என்றேன். சும்மா இல்லை, ரெண்டு வார்த்தை பேசினேன் என்றார். என்ன பேசினீர்கள் என்றால் அதற்குள் மறந்துபோச்சு என்றார். படம் வந்ததும் கூட்டிக்கொண்டு போகிறேன், நீயே கேட்டுக்கொள் என்றார்.

படம் தியேட்டருக்கு வரவில்லை. அந்த மாதிரிப் படத்துக்குத் தியேட்டர் கிடைக்காதாம். அந்தப் பெண் புரொஜெக்டரையும் ஒரு பெரிய வெள்ளைத் துணியையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திறந்தவெளியில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். எடுத்த ஊரில் போடாமல் இருக்கலாமா என்று காரைக்குடியில் ஒரு பொட்டலில் ஏற்பாடு செய்துவிட்டு என்னைக் கூப்பிட வந்திருந்தாள். சுவரில் மாட்டியிருந்த அவர் போட்டோவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள் இதுல பேசியிருக்காங்க ஆன்ட்டி. நீங்க கண்டிப்பா வரணும்" என்றாள்.

பேசியிருக்காங்க. அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் தப்பாக நினைப்பீர்கள், ஆனால் அது சந்தோஷம்தான்.

ஒரு தடை இருந்தது. என் நாத்தனார், அவருக்கு மூத்தவர். காரியம் முடிந்ததிலிருந்து என்னைத் தனியாக விடக்கூடாது என்று சாக்கோட்டையிலிருந்து வந்து என்னோடேயே இருந்தார். நல்லவர், கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். வருசம் திரும்பும் வரைக்கும் நான் கல்யாணம், காதுகுத்து, சினிமா, பொருட்காட்சி எதற்கும் போகக்கூடாது என்பது அவர் சட்டம். பள்ளிக்கூடத்துக்குப் போகலாம், அது பிழைப்பு. ஆக, வருசம் திரும்பாதவள் சம்பளம் வாங்கப் போனால் தோஷமில்லை, புருஷனைப் பார்க்கப் போனால் தோஷம். இதை அவரிடம் இதே மாதிரி சொல்லியும் பார்த்தேன். கணக்கு டீச்சர்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் என்னை அடக்கிவைக்கச் சொன்னதல்ல அது. தம்பிக்கு ஒரு குறையும் வைக்காமல் எல்லாம் முறைப்படி நடந்தது என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அவருக்கும் செய்வதற்கு வேறு என்ன மிச்சம் இருந்தது? அதனால் சண்டை போடாமல், அந்தப் பெண் சொன்னதை மட்டும் திருப்பிச் சொன்னேன். அவர் அதில் பேசியிருக்கிறாராம் மதினி, என்றேன். குரல் கேட்குமாம்.

நாத்தனார் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். மறுநாள் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"நம்ம வண்டியிலயே போவோம்த்தா. பொட்டல் ஓரமா நிப்பாட்டிக்கிட்டு உள்ளுக்குள்ளயே இருந்து பாப்போம். நீ எறங்க வேணாம். வண்டிக்குள்ள இருந்தா வீட்டுல இருக்க மாதிரிதான்."

திறந்தவெளியில் போடுகிற படம் என்பதால் வந்த சலுகை இது. தியேட்டராக இருந்தால் நடந்திருக்காது. இப்படி ஒரு ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் சட்டம் போடுகிறவர்களுக்குத்தான் அதில் சந்து எங்கே இருக்கிறது என்றும் தெரியும்.

கார் அவர் போன நாளிலிருந்து ஷெட்டில்தான் நின்றது. கொழுந்தன் மட்டும் வாரம் ஒருமுறை சாக்கோட்டையிலிருந்து வந்து ஸ்டார்ட் செய்து தெருமுனை வரை ஓட்டிவிட்டு நிறுத்துவார். நான் அதில் ஏறவில்லை. அவர் கடைசியாக இருந்த இடம் அது. படம் போடுகிற அன்று சாயங்காலம் கொழுந்தன் ஓட்ட, முன் சீட்டில், என் இடத்தில், ஏறி உட்கார்ந்தேன். நாத்தனார் பின் சீட்டில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஏறியதும் கதவை அடித்துச் சாத்தினார். அவர் எப்போதும் அப்படித்தான். அக்காளிடம் மட்டும் இவர் அந்த விஷயத்தில் வாய் திறந்தது கிடையாது, பல்லைக் கடித்துக்கொள்வதோடு சரி.

பொட்டலில் இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டுத் துணியைக் கட்டியிருந்தார்கள். மாசி மாசத்துக் காற்று, இருட்டியதும் லேசாகக் குளிர்ந்தது. முன்னால் மண்ணில் பிள்ளைகள், பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், அதற்கும் பின்னால் டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்கள் வரிசையாகப் பைக்கில் உட்கார்ந்திருந்தார்கள். கார் உள்ளே வந்ததும் அவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருத்தரும் பக்கத்தில் வரவில்லை, வண்டி வருவதற்கு இடம்விட்டு ஒதுங்கினார்கள். கொழுந்தன் திரைக்கு நேராகப் பார்க்கிற மாதிரி ஓரத்தில் நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கிவிட்டார்.

படம் மெதுவாகப் போனது. அந்தப் பெரிய வீட்டில் ஒரு பெண். வீட்டைப் படம் வரைய வந்த ஒரு பையன். இரண்டு பேரும் தூண் தூணாக நின்று பார்த்துக்கொள்கிறார்கள். காற்றடிக்கும்போது துணி உப்பி, அவர்கள் முகமும் சேர்ந்து உப்பியது. முன்னால் இருந்த பிள்ளைகளுக்கு அது நல்ல வேடிக்கை. நாத்தனார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். இம்புட்டு நேரமாகப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்களே, இரண்டு பேருக்கும் வீட்டில் வேலை வெட்டி கிடையாதா என்று கேட்டார். கொழுந்தன் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு முறை திரையில் வெளிச்சம் மாறும்போதும் இப்போது வந்துவிடுவார் என்று கையை இறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும், எந்த வார்த்தையாக இருந்தாலும் சரி. அதைப் பிடித்து வைத்துக்கொண்டால் மற்றதையெல்லாம் நானே அந்தக் குரலில் ஞாபகப்படுத்திக்கொள்வேன் என்று நம்பினேன்.

வந்தார். படத்தில் வரும் பெண் வீட்டில் ஒருத்தருக்கும் சொல்லாமல் பெட்டியோடு இறங்கி வருகிறாள், தெருமுனையில் கார் நிற்கிறது. இந்தக் கார்தான். ஓட்டிக்கொண்டு போகிறார். கண்ணாடியில் அவர் கண் மட்டும் தெரிகிறது. பைக்கில் இருந்தவர்கள் "அண்ணே" என்று கத்தினார்கள், பிறகு யாரோ சும்மா இருங்கடா என்றார்கள். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் கார் நிற்கிறது. அவள் இறங்குகிறாள். கேமரா அவள் நிற்கிற பக்கத்திலிருந்து உள்ளே பார்க்கிறது. அவர் சாய்ந்து, அவள் பக்கமாகத் திரும்பி வாயைத் திறந்தார்.

"பயப்படாமப் போம்மா. மனசுக்குப் பிடிச்சவங்களைத் தவற விட்டுட்டா, அப்புறம் வாழ்நாள் பூராவும் தேடிக்கிட்டேதான் இருக்கணும்."

கனமான குரல். ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி அழுத்தம் திருத்தமாக இருந்தது. பொட்டலே கைதட்டியது. நாற்காலியில் இருந்த ஒரு அம்மாள் திரும்பி எங்கள் காரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பின் சீட்டிலிருந்து நாத்தனார் குரல் வந்தது. "இது ஆரு பேசுறது?"

வேறொருத்தர் குரலை எடுத்து அவர் வாயில் வைத்திருந்தார்கள். கல்யாண வீடியோவில் பாட்டு, இதில் யாரோ ஒருத்தர். இதற்காகவா நான் மூன்று வாரமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்? படம் எடுத்த பெண் மேல் கோபம் கோபமாக வந்தது. கொழுந்தன் கிளம்பிவிடலாமா மதினி என்று மெல்லக் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். படம் அது பாட்டுக்கு ஓடியது. ரயில் வந்தது, பையன் வந்தான், எல்லாம் வந்தது. நான் எதையும் பார்க்கவில்லை.

நாத்தனார் மட்டும் விடாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். குரல்தான் இல்லை என்றால் கையும் சரியில்லை என்றார். என்ன கை என்றேன்.

"அந்தப் புள்ளைய வாழ்த்தி அனுப்புறான்ல, இடது கையால வாழ்த்துறான். எந்தம்பி அப்படிச் செய்வானா? ஆராச்சும் செய்வாகளா?"

இடது கை. கவிழ்த்த கை. காற்றில் இரண்டு தட்டு. அவர் கண் அந்தப் பெண்ணின் முகத்தில் இல்லை, அதற்குக் கீழே எங்கேயோ இருந்தது. எங்கே என்று எனக்குத் தெரிந்துபோனது. அந்தப் பார்வையை வருஷக்கணக்காகப் பள்ளிக்கூட வாசலில் நின்று வாங்கியவள் நான். என்னை அறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உடனே அழுகையும் வந்தது. அதற்குள் படம் முடிந்து வெள்ளை எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

கதவைத் திறந்து இறங்கினேன். இறங்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டு வந்தவள்தான். நாத்தனார் தடுக்கவில்லை.

அந்தப் பெண் புரொஜெக்டர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். எங்கே போனாலும் அங்கிள் பேசுகிற இடத்தில்தான் கைதட்டல் விழுகிறது, படத்துக்கே உயிர் அந்த இடம்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். அது அவர் குரல் இல்லையே என்று மட்டும் கேட்டேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் செத்துப்போனது.

எடுத்த அன்றைக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடியதாம். பேச்சு ஒன்றும் சரியாகப் பதியவில்லை, எல்லாருக்கும் மறுபடி குரல் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. டப்பிங்குக்கு நாள் குறித்து அவருக்குப் போன் செய்தபோதுதான் அவர் இல்லை என்று தெரிந்ததாம். சென்னையில் ஒருத்தரை வைத்துப் பேசிவிட்டார்கள். சினிமாவில் இதெல்லாம் சாதாரணம், அதனால் என்னிடம் சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பொய் சொல்கிற பெண் இல்லை அவள். அன்றைக்குப் பதிந்த சத்தம் இருக்கிறதா என்று கேட்டேன். மெமரி கார்டுகளையே அழித்து அழித்துத் திரும்பப் பதிந்தார்களாம், அது இல்லை. சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள்.

இன்னொன்றும் சொன்னாள். எழுதிக்கொடுத்த வசனத்தை அங்கிள் அன்றைக்கு மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன் ஆன்ட்டி, வேறு என்னவோ சொன்னார், ஜெனரேட்டர் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை, ஆனால் அந்த முகத்தில் அவ்வளவு அக்கறை இருந்தது, அதை வெட்டி எறிய மனசு வரவில்லை.

அக்கறைதான். கதவு மேல் அக்கறை. அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் படத்துக்கு அந்தக் கைதட்டல் இருக்கட்டும். எனக்கு வேண்டியது வேறு. அந்த இடத்தை மட்டும் ஒரு தடவை, சத்தத்தை அணைத்துவிட்டுப் போடுவாயா என்று கேட்டேன்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் காருக்குத் திரும்பி வந்து, திறந்திருந்த என் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியேயே நின்றேன். துணியில் மறுபடி வெளிச்சம் விழுந்தது. ரயில்வே ஸ்டேஷன். கார் நிற்கிறது. அந்தப் பெண் இறங்குகிறாள். டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்கள் பைக்கை உதைக்காமல் அப்படியே நின்றார்கள்.

சத்தமே இல்லை. ரோட்டில் போகிற பஸ் சத்தம் மட்டும்தான். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சாய்ந்தார். இடது கை கவிழ்ந்தது. உதடு ஒட்டிப் பிரிந்தது, மெதுவா. பல் தெரிந்தது, சாத்துத்தா. இரண்டு தட்டு. அந்தப் பெண் அவர் சொன்னபடியே கதவைப் பைய, பிடித்து, சாத்தினாள். ஆசீர்வாதம் வாங்கியவள் எதற்காக அவ்வளவு கவனமாகக் கதவைச் சாத்த வேண்டும்? படம் பார்த்த இத்தனை பேரில் யாரும் அதைக் கேட்கவில்லை.

குரல் வந்தது. திரையிலிருந்து இல்லை. கொஞ்சம் கரகரப்போடு, 'வா' என்பதை ஒரு இழுப்பு இழுத்து, எங்கே ஒளிந்திருந்ததோ அங்கேயிருந்து நேராக என் காதுக்கு வந்தது. கார்த்திகையிலிருந்து தேடிக்கொண்டிருந்த குரல்.

"மெதுவாத்தான் சாத்துறேன்" என்றேன்.

வாய்விட்டுத்தான் சொன்னேன். கொழுந்தன் என்ன மதினி என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். துணியை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

செக்காலை ரோட்டில் வரும்போது நாத்தனார் கேட்டார். "அவன் நெசமா என்னதான் சொன்னான், உனக்குத் தெரிஞ்சிருச்சுல்ல?" சொன்னேன். அன்றைக்குக் காலையில் பள்ளிக்கூட வாசலில் என்னிடம் கடைசியாகச் சொன்னதும் அதுதான் என்று சேர்த்துச் சொன்னேன். துக்க வீட்டில் சாப்பிட்டியா என்று கேட்டார் என்று சொன்னது சும்மா, என்றேன். நாத்தனார், "அதானே பாத்தேன். எந்தம்பி அம்புட்டு வசனமெல்லாம் பேச மாட்டானே" என்றார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். இத்தனை மாதத்தில் எல்லாருக்கும் ஆறுதல் சொன்ன மனுஷி, அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து ஷெட்டில் காரை நிறுத்தினோம். நாத்தனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இறங்கியவர் கதவை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, நோயாளி படுத்திருக்கும் அறைக் கதவைச் சாத்துவது மாதிரி சாத்தினார். சத்தம் கேட்கவில்லை. கதவு சரியாக விழவும் இல்லை. காருக்குள் மேலே இருக்கும் சின்ன விளக்கு அணையாமல் எரிந்தது.

கொழுந்தன் மறுபடி அடித்துச் சாத்தப் போனார், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்றார். அவர் அண்ணன் இருந்திருந்தால் அதற்கும் ஒரு சத்தம் போட்டிருப்பார்.

"இருக்கட்டும் தம்பி" என்றேன். "காலையில நான் சாத்திக்கிறேன்."